அம்மாவுக்குத் தெரியாத படி

எங்கள் வீட்டுக் குளியலறையை முதன்முதலில் பார்த்த எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். “ஹோட்டல் மாதிரி இருக்கு!”

அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதானே அவ்வளவு பாடுபட்டேன்? ஈசூனில் நாங்கள் வாங்கிய நான்கறை மறுவிற்பனை வீட்டில், முன்பு இருந்தவர்கள் பழுப்பு டைல்ஸ் போட்டிருந்தார்கள். அதை உடைத்துவிட்டு எல்லாவற்றையும் வெள்ளையாக மாற்றினோம். வெள்ளைச் சுவர், பளபளக்கும் வெள்ளைத் தரை, வெள்ளைக் கழிவறை இருக்கை. குளிக்கும் பக்கத்துத் தண்ணீர் வெளியே ஓடிவராமல் தடுக்க ஒரு சின்னப் படி கட்டுவார்களே, அதுகூட வெள்ளை. சின்ன இடம் பெரிதாகத் தெரிய வெள்ளைதான் சரி என்று இணையத்தில் பார்த்த படங்கள் எல்லாம் சொல்லின. நானும் நம்பினேன்.

சென்ற ஆண்டு அம்மா எங்களோடு வந்து தங்கினார். வயது 68. ஒரு கண்ணில் புரை அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. இன்னொரு கண்ணுக்கு நாள் குறித்திருந்தார்கள்.

காலை நிகழ்ச்சி செய்பவள் என்பதால் நான் எழுந்திருப்பது நான்கு மணிக்கு. இரவு படுக்கும்முன் அம்மா பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் வைப்பேன். சில வாரங்களாக, காலையில் பார்த்தால் அந்தப் பாட்டில் வைத்தபடியே இருந்தது. கேட்டால், “தாகம் எடுக்கலம்மா” என்பார். ஒருநாள் அவர் அறையிலிருந்து கோடாலித் தைலம் மணந்தது. என்ன என்று பார்த்தால், முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. விழுந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

“அந்தப் படி எங்க இருக்குன்னே தெரியல. எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கு. இடிச்சுக்கிட்டேன். நீ ஆசையா செஞ்சது, அதைப் போய் எப்படிக் குறை சொல்றது?”

இரவில் எழுந்து குளியலறைக்குப் போகப் பயந்து, தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் டைல்ஸைப் பார்த்தேன்.

குரலும் இசையும் ஒரே சத்தத்தில்

வானொலிக்கு வந்த புதிதில் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பாடங்களில் ஒன்று இது. அறிவிப்பாளர் பேசும்போது பின்னணி இசையைக் குறைக்க வேண்டும். இரண்டும் ஒரே சத்தத்தில் ஓடினால் நேயருக்கு இரண்டுமே கேட்காது. குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், இசை எவ்வளவு நன்றாக இருந்தாலும், மிஞ்சுவது இரைச்சல்தான்.

என் குளியலறையில் நடந்ததும் அதுதான். தரை, சுவர், படி, கழிவறை இருக்கை நான்கும் ஒரே சத்தத்தில் பேசிக்கொண்டிருந்தன. என் வயதுக் கண் சின்ன நிழலை வைத்துப் பிரித்துப் பார்த்துவிடும். அம்மாவின் கண்ணால் முடியவில்லை. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளடையும். உள்ளே போகும் வெளிச்சம் குறையும். மங்கலான வேறுபாடுகள் முதலில் மறையும். பளபளப்பான தரையில் விளக்கொளி பட்டுக் கூசினால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

அப்போதுதான் இரண்டு நிறக் குளியலறை என்பதை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். அதுவரை அது என்னைப் பொறுத்தவரை ஒரு ‘ஸ்டைல்’. கீழே அடர்நிறம், மேலே வெளிர்நிறம், நடுவில் ஒரு கோடு. படத்துக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். உண்மையில் இந்த வழக்கம் பழையது, காரணத்தோடு வந்தது. ஜூ சியட், எமரல்ட் ஹில் பக்கம் உள்ள பெரனாக்கான் வீடுகளின் முன்சுவரைக் கவனித்திருப்பீர்கள். கீழ்ப்பகுதியில் பூப்போட்ட டைல்ஸ், மேலே சாயம். மழைச் சாரலும் அழுக்கும் படுவது கீழ்ப்பகுதியில்தான், அங்கே கழுவித் துடைக்கக்கூடிய பொருள் இருந்தால் நல்லது. ஜோகூரில் தோட்டத்தில் வளர்ந்த அம்மாவும் தன் நினைவிலிருந்து ஒன்றைச் சொன்னார். “எங்க தோட்டத்து ஆஸ்பத்திரியில கீழ்ப்பாதிச் சுவரு பச்சை, மேல்பாதி வெள்ளை. மாப்பு போட்டுத் துடைக்கிற தண்ணி தெறிச்சாலும் தெரியாது.”

கீழே உழைக்கும் நிறம், மேலே வெளிச்சம் தரும் நிறம். இதுதான் இரண்டு நிறத்தின் கணக்கு. சின்னக் குளியலறையில் இந்தக் கணக்கு இன்னும் நன்றாகவே வேலை செய்யும்.

கோட்டை எங்கே போடுவது?

எங்கள் குளியலறை இரண்டரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். வீவக வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த அளவு பழக்கமானதுதான். இவ்வளவு சின்ன இடத்தில் இரண்டு நிறத்தை எங்கே பிரிப்பது என்பதில்தான் பாதி வெற்றி.

முதல் வழி, சுவரைக் குறுக்காகப் பிரிப்பது. சரிபாதியில் பிரிக்காதீர்கள். அறையை இரண்டாக வெட்டியதுபோல் இருக்கும். பாதிக்குக் கொஞ்சம் கீழேயோ, மூன்றில் இரண்டு பங்கு உயரத்திலோ கோடு வரட்டும். ஏற்கெனவே உள்ள ஏதாவது ஒரு விளிம்போடு அது சேர்ந்தால் இன்னும் நல்லது. கண்ணாடியின் கீழ்விளிம்பு, சன்னலின் அடிப்பகுதி, இப்படி ஏதாவது ஒன்று. டைல்ஸ் அளவையும் பாருங்கள். 30 சென்டிமீட்டர் உயர டைல்ஸ் என்றால் நான்கு வரிசை 1.2 மீட்டர். அங்கேயே நிறுத்தினால் டைல்ஸை வெட்ட வேண்டியதில்லை, கோடும் சுத்தமாக இருக்கும்.

இரண்டாவது வழி, ஒரு சுவரை மட்டும் அடர்நிறமாக்குவது. வீவக குளியலறைகள் பல, ஒடுக்கமாக நீண்டிருக்கும். வாசலுக்கு நேர் எதிரே உள்ள சுவருக்கு அடர்நிறம் கொடுத்தால் அது சற்று முன்னால் வந்ததுபோல் தோன்றும். அறை குறுகலாக இருக்கும் உணர்வு குறையும். பக்கச் சுவர்கள் வெளிறிய நிறத்திலேயே இருக்கட்டும்.

மூன்றாவது வழி, சுவர்கள் முழுக்க ஒரு நிறம், தரை மட்டும் வேறு நிறம். கையைக் கடிக்காத வழி. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு மிகவும் தேவையானதும் இதுதான். தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குச் சொல்லிவிடும்.

மேலே பார்க்க மறந்துவிடாதீர்கள். பழைய வீவக வீடுகளில் மாடிவீட்டுக் குழாய்கள் நம் குளியலறைக் கூரைக்குக் கீழே தொங்கும். அவற்றுக்குத் தனி நிறம் கொடுத்தால் கண் அங்கேயே போய் நிற்கும். கூரைக்குப் பூசும் அதே நிறத்தைக் குழாய்க்கும் பூசிவிடுங்கள். பாதி மறைந்துவிடும்.

ஒரு கண்ணுக்கு நீலம், மறு கண்ணுக்குச் சாம்பல்

பாலஸ்டியர் சாலையில் டைல்ஸ் பார்க்க அம்மாவையும் கூட்டிப்போனேன். முதல் முறை கூட்டிப்போகாமல் விட்டதுதான் தப்பு என்று புரிந்திருந்தது. எனக்குப் பிடித்தது வெளிர்நீலமும் வெளிர்பச்சையும் சேர்ந்த ஒரு ஜோடி. அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு மறு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“ஆப்பரேஷன் செஞ்ச கண்ணுக்கு இது நீலம், அது பச்சை. இந்தக் கண்ணுக்கு ரெண்டும் ஒரே சாம்பலா இருக்கு.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தேர்ந்தெடுக்க இருந்தது பெயரளவுக்குத்தான் இரண்டு நிறம். அம்மாவுக்கு அது மறுபடியும் ஒரே நிறமாகத்தான் இருந்திருக்கும்.

அன்று கற்றுக்கொண்டது: நிறம் வேறாக இருந்தால் மட்டும் போதாது. ஒன்று அடர்த்தியாகவும் மற்றது வெளிறியும் இருக்க வேண்டும். ஒரு மேற்பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்குக் கட்டடத் துறையில் 0 முதல் 100 வரை ஓர் அளவு உண்டு. பார்வை குறைந்தவர்களுக்காக வடிவமைக்கும்போது, அருகருகே உள்ள இரண்டு பரப்புகளுக்கு இடையே 30 புள்ளிகளாவது வித்தியாசம் இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் தரவிதி சொல்கிறது. சில சாய நிறுவனங்கள் இந்த எண்ணை நிற அட்டையிலேயே போடுகின்றன. இல்லாவிட்டாலும் கவலை இல்லை, கைப்பேசி போதும். இரண்டு மாதிரிகளையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

இன்னொன்று. கடை விளக்கை நம்பாதீர்கள். மாதிரி டைல்ஸ் ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து உங்கள் குளியலறை விளக்கில் பாருங்கள். மஞ்சள் ஒளியில் வெண்மை கிரீமாகும், சாம்பல் பழுப்பாகும். வெள்ளொளியில் அதே டைல்ஸ் நீலம் பாய்ந்ததுபோல் இருக்கும். எங்கள் வீட்டில் பழைய மங்கல் விளக்கை மாற்றியதே பாதி உதவியாக இருந்தது.

அடர்நிறம் என்றதும் கறுப்புக்குப் போய்விடாதீர்கள். தரையில் திட்டாக ஒரு கறுப்பு இருந்தால், பார்வை குறைந்தவர்களுக்கும் மறதி நோய் உள்ளவர்களுக்கும் அது பள்ளம்போலத் தோன்றலாம். காலை எடுத்து வைக்கத் தயங்குவார்கள். கறுப்பு மிதியடிக்கும் இதே கதைதான். பெரிய பூ, கட்டம் போட்ட தரையும் கண்ணைக் குழப்பும். நடுத்தர அடர்த்தியில், பளபளப்பு இல்லாத ஒரே நிறம் போதும்.

நம் வீட்டுப் பழக்கத்துக்கு எது தாங்கும்?

அழகுக் குறிப்புகள் எழுதுபவர்கள் எண்ணெய்க் குளியல் எடுப்பதில்லை. நாம் எடுக்கிறோம். தீபாவளிக் காலையில் நல்லெண்ணெயும் சீயக்காயும் ஓடும் தரை நம்முடையது. மஞ்சள் பூசும் வீடு, தலைக்குச் சாயம் அடிக்கும் வீடு. வெள்ளை டைல்ஸைத் துடைத்துவிடலாம். டைல்ஸுக்கு இடையே பூசும் கிரவுட் வெள்ளையாக இருந்தால் மஞ்சள் கறை அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதனால் தரையிலும் கீழ்ச்சுவரிலும் சாம்பல் நிற கிரவுட் கேளுங்கள். எபாக்ஸி கிரவுட் விலை கூடுதல், ஆனால் கறை எளிதில் ஏறாது.

மிக அடர்ந்த நிறத்துக்கும் ஒரு தொல்லை உண்டு. சோப்பு நுரை காய்ந்தால் வெண்படலமாகத் தெரியும். வெள்ளைத் தரையிலோ ஒவ்வொரு தலைமுடியும் தெரியும். நடுத்தரச் சாம்பலும் இலைப்பச்சையும் இரண்டுக்கும் பொறுத்துப்போகும்.

தரைக்குச் சின்ன டைல்ஸ் நல்லது. இடைக்கோடுகள் அதிகம் என்பதால் காலுக்குப் பிடிப்பு கிடைக்கும். கழுவ நேரமாகும், உண்மைதான். நான் அதற்குச் சம்மதித்துவிட்டேன்.

சாயம் மட்டும் பூசி இரண்டு நிறமாக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தண்ணீர் நேரடியாகப் படாத மேல்சுவரிலும் கூரையிலும் தாராளமாகச் செய்யலாம். நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பூஞ்சை பிடிக்காத சாயமாக இருக்க வேண்டும். டைல்ஸ்மேல் பூசும் தனிச் சாயமும் கிடைக்கிறது. ஆனால் ஷவர் அடிக்கும் பக்கத்தில் அது நாளடைவில் உரியத் தொடங்கும். அங்கே டைல்ஸே இருக்கட்டும்.

உடைப்பதற்கு முன்

புதிய பிடிஓ வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது: முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறையின் சுவர், தரை டைல்ஸை உடைத்தெடுக்க வீவக அனுமதிப்பதில்லை. கீழே உள்ள நீர்க்காப்புப் படலம் கெட்டுவிடக் கூடாது என்பதே காரணம். பழைய வீடு என்றால் வீவக பட்டியலில் உள்ள குத்தகையாளர் மூலம் அனுமதி வாங்கிச் செய்ய வேண்டும். தரையை உடைத்தால் நீர்க்காப்பை மறுபடி போட்டே ஆக வேண்டும். அதில் மிச்சம் பிடித்தால் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகும்.

பழைய டைல்ஸ்மேலேயே புதியதை ஒட்டலாம் என்பார்கள். ஒட்டலாம்தான், ஆனால் தரை உயரும். கதவு இடிக்கிறதா, தண்ணீர் வடிகாலுக்கு ஓடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடைக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. நாங்கள் முதல் வாரத்தில் செய்தது இதுதான். படியின் விளிம்பில், தண்ணீருக்குத் தாங்கும் அடர்நிற வழுக்காப் பட்டை ஒன்றை ஒட்டினோம். கழிவறை இருக்கையை அடர்நிறத்துக்கு மாற்றினோம். வெள்ளைத் துண்டு, வெள்ளைச் சோப்புப் பெட்டி, வெள்ளை வாளி எல்லாம் அறையைவிட்டு வெளியேறின. ஒரு நாள் வேலை. அம்மாவின் நடையில் அன்றே வித்தியாசம் தெரிந்தது.

65 வயதைத் தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால் வீவகவின் ‘ஈஸ்’ திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். கைப்பிடிக் கம்பிகள் பொருத்துவார்கள், குளியலறைத் தரை வழுக்காமல் இருக்கப் பூச்சு போட்டுத் தருவார்கள். சிங்கப்பூரர்களுக்கு, வீட்டு வகையைப் பொறுத்து, செலவில் 87.5 முதல் 95 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. கைப்பிடிக்குப் பின்னால் உள்ள சுவரின் நிறத்தை மட்டும் நீங்கள் யோசியுங்கள். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கம்பி இருந்தால், வழுக்கும் நேரத்தில் கை அதைத் தேடிக்கொண்டிருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில்

கொஞ்சம் பணம் சேர்ந்ததும் தரையை மட்டும் மாற்றினோம். நடுத்தரச் சாம்பல், சின்ன டைல்ஸ், பளபளப்பு இல்லை. படியின் மேல்பகுதிக்கு மட்டும் வெளிர்நிறம் கொடுத்தோம், சாம்பல் தரைக்கு நடுவே அது பளிச்சென்று தெரிகிறது. கைப்பிடி இருக்கும் நீளச் சுவரில் 1.2 மீட்டர் வரை இலைப்பச்சை. மற்ற வெள்ளை டைல்ஸை விட்டுவைத்தோம். நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அம்மா, இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்து.

வேலை முடிந்த அன்று குத்தகையாளர் அங்கிள், “எப்படி இருக்கு ஆன்ட்டி?” என்று கேட்டார். அம்மா சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார், “தோட்டத்து ஆஸ்பத்திரி மாதிரியே இருக்கு.” என் முகம் போன போக்கைப் பார்த்து, “நல்லா இருக்குன்னுதான் சொல்றேன்” என்றார்.

இப்போது வருகிறவர்கள் யாரும் ஹோட்டல் என்று சொல்வதில்லை. ஆனால், காலை நான்கு மணிக்கு நான் எழுந்து பார்க்கும்போது தண்ணீர் பாட்டில் காலியாக இருக்கிறது.

இன்றிரவு ஒரு வேலை செய்து பாருங்கள். கண்ணாடி அணிபவர் என்றால் அதைக் கழற்றிவிட்டு உங்கள் குளியலறை வாசலில் நில்லுங்கள். தரை எங்கே முடிகிறது, படி எங்கே தொடங்குகிறது என்று தெரிகிறதா? பிறகு வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள். நம் மனம் நோகக் கூடாது என்று “நல்லா இருக்கு” என்றுதான் சொல்வார்கள். “படி தெரியுதா?” என்று கேளுங்கள்.